ஒருவர் மறுக்கும்போது: சம்மதமில்லாத மணமுறிவு பற்றிய ஓர் ஆய்வு

விவாக பந்தத்தில் புகுவதற்கு இருவரின் சம்மதமும் வேண்டும் என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. ஆனால் அப்பந்தத்திலிருந்து விலகுவதற்கும் இருவரின் சம்மதம் வேண்டுமா, ஒருவரின் விருப்பமே போதுமா, அல்லது இருவருக்கும் வெளியே நிற்கும் சமூகமோ நியாயஸ்தலமோ ஒரு காரணத்தை ஏற்றுக்கொண்டு விடுதலை அளிக்க வேண்டுமா என்ற வினாவுக்கு, அர்த்த சாஸ்திர காலம் தொட்டு 2023-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு கூறிய தீர்ப்பு வரையில் கிடைத்துள்ள விடைகள் ஒன்றோடொன்று இணங்கி நிற்கவில்லை.

சிதம்பரத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையும், விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியே தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலையும் ஒன்றையொன்று கடக்கும் சேத்தியாத்தோப்பு போன்ற ஓர் ஊரில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. வெள்ளாற்றுப் பாசனத்தையும் கரும்பையும் சர்க்கரை ஆலையையும் நம்பி வாழும் குடும்பங்களில் தம்பதியர் பிரிந்துவிட்டால், தகராறு முதலில் இருதரப்பு உறவினர் கூடிப் பேசும் பேச்சில் தொடங்கி, ஊர்ப் பஞ்சாயத்தையும் பிறகு மகளிர் காவல் நிலையத்தையும் கண்டு, அங்கும் தீராதபோது சிதம்பரம், விருத்தாசலம், கடலூர் ஆகிய ஊர்களின் நீதிமன்றங்களை அடைகிறது. அவ்விடத்தில் ஒருவர் "தீர்த்துவிடுங்கள்" என்று கேட்க, மற்றவர் "சேர்ந்து வாழத் தயார்" என்று எதிர்வுரை தாக்கல் செய்கையில், நீதிபதி எந்த அளவுகோலைக் கையில் எடுப்பது என்பதே நாம் ஆராயப்புகும் பொருள்.

பழைய நூல்களும் சாதி வழக்கமும்

ஹிந்து விவாகம் என்றும் பிரிக்கவொண்ணாதது என்ற கூற்றுப் பலரும் நினைப்பதைக் காட்டிலும் குறுகிய ஆதாரத்தையே உடையது. மனுவின் நூல் அக்கருத்தை வலியுறுத்துவது மெய்யேயாயினும், கணவன் காணாமற்போதல், இறத்தல், துறவு பூணுதல், ஆண்மையற்றிருத்தல், பதிதனாதல் என்னும் ஐந்து ஆபத்துகளில் பெண் வேறு கணவனை அடையலாம் என்று நாரத, பராசர ஸ்மிருதிகள் கூறுகின்றன. நம் பொருளுக்கு இன்னும் அண்மையில் நிற்பவர் அர்த்த சாஸ்திரம் இயற்றிய கௌடிலியர். கணவனை வெறுக்கும் மனைவி அவன் விரும்பாதவரை விடுபட மாட்டாள் என்றும், அவ்வாறே கணவனும் மனைவி விரும்பாதவரை விடுபட மாட்டான் என்றும், இருவரும் ஒருவரையொருவர் வெறுத்தாலே விடுதலை உண்டு என்றும் அவர் விதிக்கிறார். விவாக வகைகளுள் தர்ம விவாகங்கள் எனப்பட்ட முதல் நான்குக்கோ அந்த வழியும் இல்லை. ஒருவர் மறுத்தால் விடுதலை இல்லை என்னும் கொள்கையை இதனினும் தெளிவாக உரைத்த பழைய நூல் வேறொன்று இருத்தல் அரிது.

ஆயினும் குடிமக்களில் பெரும்பாலோர் நூலின்படி வாழ்ந்தவரல்லர். பழைய தாலியை நீக்கி மறுமணம் செய்துகொள்ளும் ‘அறுத்துக் கட்டும்’ வழக்கம் தமிழ்நாட்டின் பல சாதிகளிடையே நெடுங்காலம் இருந்துவந்தது. ஹிந்து சட்டத் தொகுப்பு மசோதாவின்போது டாக்டர் அம்பேத்கர் எடுத்துக்காட்டிய வாதங்களுள் ஒன்றும், ஜனத்தொகையில் மிகப் பெரும்பான்மையினரான சூத்திர சாதியாரிடையே விவாகரத்து ஏற்கெனவே வழக்கில் உள்ளது என்பதேயாம். நிரூபிக்கப்பட்ட வழக்கம் நூல் விதியை மிஞ்சும் என்று 1868-இல் மதுரை கலெக்டர் தொடர்ந்த ராமநாதபுரம் ஜமீன் வழக்கில் பிரிவி கவுன்சில் கூறிய நியதி இத்தகைய வழக்கங்களுக்கு அரணாக நின்றது. ஆனால் அந்த அரணுக்கும் ஓர் எல்லை இருந்தது: சாதியார் நிர்ணயித்த தொகையைச் செலுத்திவிட்டு மற்றவரின் சம்மதமின்றியே விலகலாம் என்றிருந்த ஒரு வழக்கத்தை 1915-இல் பம்பாய் ஹைகோர்ட்டு பொதுநலனுக்கு விரோதமானது என்று தள்ளிற்று. இருவரும் இசைந்து பிரியும் வழக்கத்தைப் பொறுத்துக்கொண்ட ஆங்கிலேய நீதிமன்றங்கள், ஒருவரே பிரிந்து செல்லும் வழக்கத்தைப் பொறுக்கவில்லை என்பது கருதத்தக்கது.

1955-ஆம் ஆண்டின் ஹிந்து விவாகச் சட்டம் தன் 29-ஆம் பிரிவின் வாயிலாக வழக்கப்படியான விவாகரத்தைக் காப்பாற்றியுள்ளது. ஆனால் அவ்வழக்கம் தொன்று தொட்டு இடையறாது வந்ததென்று சாட்சியம் கொண்டு நிறுவுவது எளிதன்று. பஞ்சாயத்தார் முன்னிலையில் முத்திரைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்ட விடுதலைப் பத்திரம், அவ்வாறு நிறுவப்படாதவரையில் சட்டத்தின் கண்ணில் விவாகத்தை முறிக்காது. அதை நம்பி மறுமணம் செய்துகொண்டோர் பின்னர் இருதார மணக் குற்றத்திற்கு உள்ளாவதும், இரண்டாம் மனைவி வாரிசுரிமை இழந்து நிற்பதும் கிராமப்புறத்தில் புதுமையல்ல.

குற்றத்தை நிரூபிக்கும் வழி

இரண்டாவது விடை, மறுப்பவரின் சம்மதத்தைக் கேளாமல் அவரது குற்றத்தைக் கேட்பது. 1869-ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டம் கிறிஸ்தவர்களுக்காக இயற்றப்பட்டபோது, கணவனுக்கு மனைவியின் விபசாரம் ஒன்றே போதும் என்றும், மனைவிக்கோ அதனுடன் வேறொரு குற்றமும் சேர்ந்திருக்க வேண்டும் என்றும் விதித்திருந்த ஏற்றத்தாழ்வு 2001-இல்தான் நீங்கிற்று. ஹிந்துக்களுக்குச் சென்னை ராஜதானியில் 1949-லேயே இருதார மணத் தடையும் விவாகரத்தும் பற்றிய தனிச்சட்டம் வந்தது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, விவாக உடன்படிக்கையிலிருந்து விலகும் உரிமையை மனைவிக்கும் கணவனுக்கும் கோரியதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். பெரியார் இதைக் கல்யாண விடுதலை என்ற பெயரால் எழுதியும் பேசியும் வந்தார்.

1955-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தில் கொடுமையும் கைவிடுதலும் நீதிமன்றப் பிரிவினைக்கு மட்டுமே காரணங்களாயிருந்தன. 1976-ஆம் ஆண்டுத் திருத்தமே அவற்றை விவாகரத்துக்கும் காரணங்களாக்கிற்று. இன்று நம் சார்பு நீதிமன்றங்களில் எதிர்த்து நடத்தப்படும் மனுக்களில் மிகுதியானவை இவ்விரண்டையே ஊன்றி நிற்கின்றன.

கைவிடுதலை நிரூபிக்க இரண்டாண்டுப் பிரிவு மட்டும் போதாது; திரும்பி வாராத எண்ணமும் வேண்டும். 1956-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு பம்பாய் வழக்கில், தாய்வீடு சென்ற மனைவி மீள முனைந்த தருணத்தில் கணவனே அவளை அனுப்ப வேண்டாமென்று தந்தி கொடுத்திருந்தமையால், நெடுங்காலப் பிரிவு இருந்தும் அவள் கைவிட்டவளாகக் கருதப்படவில்லை. இதன் நேர்மை வெளிப்படை. எனினும் அதன் பயனாக, "வரத் தயார்" என்ற ஒரு வாக்கியத்தை எதிர்வுரையில் எழுதிவிட்டாலே கைவிடுதல் என்னும் காரணம் ஆட்டங்காணும் நிலையும் உண்டாயிற்று.

கொடுமையைப் பொறுத்தவரை 1975-ஆம் ஆண்டுத் தாஸ்தானே வழக்கு ஒரு திருப்பம். குற்றவியல் வழக்கைப்போல் ஐயத்துக்கு இடமற நிரூபிக்க வேண்டியதில்லை, எது நடந்திருத்தல் கூடும் என்ற நிகழ்தகவின் பாரமே போதும் என்று உச்ச நீதிமன்றம் அதில் தெளிவுறுத்தியது. ஆனால் அவ்வழக்கில் மனு செய்த கணவன் வெற்றி பெறவில்லை. கொடுமை நடந்தது என்று ஏற்றுக்கொண்ட நீதிமன்றமே, அதன்பின் இருவரும் தாம்பத்திய வாழ்வு நடத்தியமையால் அது மன்னிக்கப்பட்டதாயிற்று என்று முடிவு செய்தது. குடும்பம் கலையாதிருக்க ஒருவர் பொறுத்துப்போன ஒவ்வொரு மாதமும் பின்னாளில் அவருக்கே எதிரான சாட்சியமாக மாறலாம் என்பது இந்தக் காரணத்தின் உள்ளார்ந்த குறை என்றே தோன்றுகிறது; அடிபட்டும் பிள்ளைகளுக்காக மீண்டும் புகுந்தகம் சென்ற பெண்ணுக்கு அக்குறை விளைக்கும் தீங்கு அதிகம்.

2007-ஆம் ஆண்டுச் சமர் கோஷ் வழக்கில் மனக்கொடுமைக்கு ஒரு வரையறையுள் அடங்காத உதாரணப் பட்டியலைத் தந்த உச்ச நீதிமன்றம், நெடிய பிரிவால் விவாகம் பெயரளவில் மட்டும் எஞ்சி நிற்குமாயின் அந்நிலையையும் கொடுமையாகக் கொள்ளலாம் என்றது. இவ்வாறு கொடுமை என்னும் சொல் அகன்றுகொண்டே போக, மனுக்களின் நடையும் மாறிற்று. பிரிய விரும்புகிறவர், மற்றவரின் நடத்தையை இயன்றவரை இழிவாக வருணித்தாலன்றி வழக்கு நிற்காது என்று அறிவுறுத்தப்படுகிறார். மறுப்பவரோ அதற்கீடான குற்றச்சாட்டுகளால் விடை கூறுகிறார். விசாரணை மூடிய அறையில் நடத்தப்பட வேண்டும் என்று சட்டம் கூறினும், ஒரு சிற்றூரில் அச்சொற்கள் அறைக்குள் அடங்குவதில்லை. சமாதானத்துக்கு எஞ்சியிருந்த சிறு இடமும் இவ்வாறே அழிகிறது.

சேர்ந்து வாழக் கட்டளையிடுதல்

மறுப்பவருக்குச் சட்டம் தந்துள்ள நேரான ஆயுதம், தாம்பத்திய உரிமையை மீட்டுத்தரக் கோரும் ஹிந்து விவாகச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு. ஆங்கிலேயத் திருச்சபை நீதிமன்றங்களிலிருந்து இந்நாட்டுக்கு வந்த இப்பரிகாரத்தின் கொடுமையை முதலில் உலகறியச் செய்தவர் ருக்மாபாய். பதினோராம் வயதில் தமக்கு நடந்த விவாகத்தை ஏற்க மறுத்த அவர்மீது 1884-இல் கணவன் தொடுத்த வழக்கை நீதிபதி பின்ஹே தள்ளினார்; மேல்முறையீட்டின்பின் 1887-இல், கணவனிடம் செல்லல் அல்லது ஆறு மாதச் சிறை என்று உத்தரவாயிற்று. சிறை செல்லச் சித்தம் என்று அவர் நின்ற உறுதியும், 1888-இல் பணம் கொடுத்து ஏற்பட்ட சமரசமும் சரித்திரம். பின்னர் அவர் மருத்துவரானார்.

1983-இல் தமிழ் ரசிகர்களும் நன்கறிந்த நடிகை சரிதாவின் வழக்கில் ஆந்திர ஹைகோர்ட்டு நீதிபதி சௌதரி, விரும்பாத ஒருவரை இல்வாழ்வுக்கு நிர்ப்பந்திப்பது அந்தரங்க உரிமைக்கு முரண் என்று இப்பிரிவையே செல்லாதென்றார். அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் சரோஜ் ராணி வழக்கில் அதை மறுத்து, 9-ஆம் பிரிவு செல்லும் என்றது. ஆனால் அவ்வழக்கின் வரலாறே அப்பரிகாரத்தின் விபரீதத்தைக் காட்டுகிறது. சேர்ந்து வாழ வேண்டுமென்று மனு செய்தவள் மனைவி. அதற்குச் சம்மதித்துத் தீர்ப்பு வழங்க இசைந்த கணவன், பிறகு அவளுடன் வாழாமலே ஓராண்டைக் கழித்துவிட்டு, சேர்க்கை நிகழவில்லை என்ற காரணத்தையே காட்டி விவாகரத்துக் கேட்டுப் பெற்றான். 13-ஆம் பிரிவின் 1-அ உட்பிரிவு, 1964-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பயனாக, தீர்ப்பு யாருக்கு எதிராயினும் இருவருள் எவரும் அவ்வாறு கேட்க இடமளிக்கிறது. விவாகத்தைக் காக்க வகுத்த வழி, மறுப்பவரின் கையாலேயே அதை முறிக்கும் வழியாக முடிவதைச் சட்டமியற்றியோர் எதிர்பார்த்தனரா என்பது ஐயத்துக்குரியது.

சம்மதம் தந்து திரும்பப் பெறுதல்

1976-இல் ஹிந்து விவாகச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 13-ஆ பிரிவு பரஸ்பர சம்மதத்தை ஏற்கிறது. 1954-ஆம் ஆண்டின் தனி விவாகச் சட்டத்தில் அது முன்னரே இருந்தது. ஆயினும் சம்மதம் மனு நாளன்று மட்டுமன்றித் தீர்ப்பு நாள்வரை நிலைத்திருத்தல் வேண்டும் என்றும், இடையில் ஒருவர் அதைத் திரும்பப் பெறலாம் என்றும் 1991-இல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. கட்டாயத்தின்பேரில் கையொப்பமிட்டவர்க்கு இது புகலிடம். பேசிய தொகையைப் பெற்றுக்கொண்டபின் மனம் மாறுகிறவர்க்கும், தொகையைக் குறைக்க மிரட்டுகிறவர்க்கும் இதுவே கருவி. ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் தளர்த்தலாம் என்று 2017-இல் கூறப்பட்டதும், சம்மதம் உள்ளவர்க்கே உதவிற்று. மறுப்பவர் முன் நிற்பவர்க்கு அன்று.

முறிவே காரணம் என்னும் கொள்கை

குற்றவாளி எவர் என்று தேடாமல், விவாகம் மீட்க முடியாதவாறு முறிந்துவிட்டதா என்பதை மட்டும் பார்த்தால் போதும் என்னும் கொள்கை நான்காவது. 1969-இல் கலிபோர்னியா மாநிலம் இதனைச் சட்டமாக்கிற்று. அதே ஆண்டு இங்கிலாந்தில் இயற்றப்பட்ட திருத்தச் சட்டம், ஐந்தாண்டுகள் பிரிந்திருந்தால் மற்றவர் சம்மதமின்றியும் விடுதலை உண்டு என்றதோடு, கடும் பொருளாதார இன்னல் நேருமென்று எதிர்க்க மறுப்பவர்க்கு உரிமையும் தந்தது. ஆனால் 2018-இல் அங்கே நாற்பதாண்டு இல்வாழ்வினின்றும் விலகக் கேட்ட ஒரு மனைவிக்கு, கணவன் எதிர்த்ததனாலும் அவள் காட்டிய காரணங்கள் போதாமையாலும் உச்ச நீதிமன்றம் விடுதலை தர இயலாது போயிற்று. அவ்வழக்கு எழுப்பிய மனக்கலக்கத்தின் விளைவாக 2020-இல் வந்த புதிய சட்டம் 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்து, விவாகம் முறிந்தது என்று ஒருவர் எழுதித் தருவதையே முடிவான சான்றாகக் கொண்டு, மறுப்பவரின் எதிர்ப்புக்கு ஏறக்குறைய இடமில்லாமற் செய்துவிட்டது.

நம் நாட்டில் சட்டக் கமிஷன் தன் 71-ஆம் அறிக்கையில், 1978-லேயே, இக்காரணத்தைச் சேர்க்குமாறு பரிந்துரைத்தது. 1981-இல் கொணரப்பட்ட மசோதாவைப் பெண்கள் அமைப்புகள் எதிர்த்தமையால் அது நிறைவேறவில்லை. 2006-இல் நவீன் கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசைத் தூண்டியதும், 2009-இல் கமிஷனின் 217-ஆம் அறிக்கை மீண்டும் வற்புறுத்தியதும், 2010-இல் வந்த மசோதா 2013 ஆகஸ்டில் ராஜ்ய சபையில் நிறைவேறியதும், லோக் சபை கலைந்தபோது அது காலாவதியானதும் ஒரு நீண்ட தயக்கத்தின் வரலாறு. மூன்றாண்டுப் பிரிவை அளவுகோலாகக் கொண்ட அந்த மசோதா, கடும் பொருளாதார இன்னலைக் காட்டி எதிர்க்கும் உரிமையை மனைவிக்கு மட்டும் தந்தது. கணவனின் சொத்திலிருந்து அவளுக்கு ஈடு வழங்கவும் ஏற்பாடு செய்தது. அது ஒருதலைப்பட்சமானது என்று ஆண்கள் சங்கங்கள் ஆட்சேபித்தன.

நாடாளுமன்றம் செய்யாததை நீதிமன்றம் ஓரளவு செய்தது. ஷில்பா சைலேஷ் வழக்கில் 2023 மே 1 அன்று ஐவர் அமர்வு, அரசியலமைப்பின் 142-ஆம் ஷரத்தின்கீழ், ஒருவர் எதிர்த்தாலும் முறிந்த விவாகத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்றது. எத்தனை காலம் சேர்ந்து வாழ்ந்தனர், சுமத்திய பழிகளின் தன்மை என்ன, சமரச முயற்சிகள் எவ்வாறு முடிந்தன, பிரிவு ஆறு ஆண்டுகளோ மேலுமோ ஆனதா, பிள்ளைகளின் நிலையும் பெண்ணின் ஜீவனமும் எவ்வாறு என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்றும், இது உரிமையன்று, நீதிமன்றத்தின் விவேகத்திற்குட்பட்டது என்றும் அது வரையறுத்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே அந்த விவேகம் மறுபுறமாகவும் இயங்கக் கண்டோம்: 1963-இல் மணந்து எண்பத்தொன்பது வயதை எட்டிய ஒரு முன்னாள் விமானப்படை அதிகாரி விடுதலை கேட்க, எண்பத்திரண்டு வயது மனைவி தாம் விவாகரத்தானவளாய் இறக்க விரும்பவில்லை என்று கூற, நீதிமன்றம் அவள் பக்கமே நின்றது. அவ்வுணர்ச்சியின் மதிப்பை எவரும் குறைத்துரைக்க முடியாது. ஆயினும் நெடுங்காலம் பிரிந்திருந்த இருவருள் ஒருவரின் உணர்ச்சிக்கு எடை கொடுத்து மற்றவரின் வேண்டுகோளை ஒதுக்கும் அளவுகோல் யாது என்பது அத்தீர்ப்பிலிருந்து எளிதில் புலப்படவில்லை.

இவ்வழியின் பெருங்குறை வேறு. 142-ஆம் ஷரத்தின் அதிகாரம் புதுடில்லியில் உள்ளதேயன்றிச் சிதம்பரத்துச் சார்பு நீதிபதிக்கோ, சென்னை ஹைகோர்ட்டுக்கோ இல்லை. நேரே உச்ச நீதிமன்றம் சென்று இதைக் கேட்கவும் முடியாது. சட்டம் ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க முயலச் சொல்லினும், வாய்தாக்கள் தொடர்ந்து, கீழ்க்கோர்ட்டிலும் மேல்முறையீட்டிலும் தோற்ற பிறகே அங்குச் செல்லும் வசதி, கரும்பு வெட்டும் கூலியாளுக்கோ அவன் மனைவிக்கோ எவ்வாறு கிட்டும்?

மறுப்பின் பின்னால் நிற்கும் பொருள்

இக்கொள்கைகள் யாவும் மறுப்பை ஒரே தன்மையதாக எண்ணிவிட்டன என்பதே இந்த ஆராய்ச்சியில் நமக்குப் படும் முக்கியமான குறை. மறுப்பவர் எவர், எதன்பொருட்டு மறுக்கிறார் என்பதைப் பிரித்தறியாமல் நியாயம் செய்ய முடியாது. வஞ்சத்தால் மறுக்கும் கணவன் உளன். மறுமணம் செய்ய விடாமல் தன் மனைவியைத் தடுத்து வைப்பதே அவன் நோக்கம். ஆனால் நம் ஊர்களில் மறுக்கும் மனைவியர் பலருக்கு அம்மறுப்பு, கையிலுள்ள ஒரே சொத்து. கணவனின் சம்பாத்தியத்தில் வாங்கிய மனையிலும் வீட்டிலும் விவாகம் முறியும்போது அவளுக்குச் சட்டப்படியான பங்கு இல்லை. மணவாழ்வில் ஈட்டிய சொத்து இருவர்க்கும் பொது என்னும் விதி, கோவா போன்ற சில பகுதிகள் நீங்கலாக, இந்நாட்டில் இல்லை. விதவைக்குரிய வாரிசுரிமையும் விவாகரத்தோடு போய்விடுகிறது. ஜீவனாம்சம் உத்தரவானாலும் அதை வசூலிப்பது மற்றொரு வழக்கு. தாய்வீட்டில் தங்கினால் வாழாவெட்டி என்ற பழிச்சொல், கையெழுத்திட்டால் கொடுத்த நகையும் சீரும் திரும்புமா என்ற கவலை: இவற்றின் நடுவே அவள் "சேர்ந்து வாழத் தயார்" என்று எழுதுவதை விவாகப் பற்றின் சான்றாகக் கொள்வதும், பிடிவாதமாகக் கொள்வதும் ஒருங்கே பிழையாகும். 1981-இல் பெண்கள் அமைப்புகள் எதிர்த்ததன் நியாயமும் இதுவே: பங்கு இல்லாத இடத்தில் முறிவைக் காரணமாக்குவது, அவள் கையிலிருந்த அந்த ஒன்றையும் ஈடின்றிப் பறிப்பதாகும்.

மாற்றத்துக்குச் சில அடையாளங்கள் உள்ளன. 2020-இல் உச்ச நீதிமன்றம் ஜீவனாம்ச வழக்குகளில் இருவரும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யக் கட்டளையிட்டது. 2023 ஜூனில் சென்னை ஹைகோர்ட்டு, இல்லத்தரசியின் உழைப்பும் குடும்பச் சொத்து ஈட்டலில் பங்களிப்பே என்று கூறி, கணவன் பெயரில் வாங்கிய சொத்தில் அவளுக்குச் சம பங்கை ஏற்றது. ஒரு தீர்ப்பைக் கொண்டு சட்டம் மாறிவிட்டதெனல் அவசரம். ஆயினும் திசை அதுவே.

பிற சமயத்தாரிடையே இப்பிரச்சினை வேறு உருவம் கொள்கிறது. 1939-ஆம் ஆண்டின் சட்டம் முஸ்லிம் மனைவிக்கு நீதிமன்றக் காரணங்களைத் தந்தது; முத்தலாக் 2017-இல் செல்லாததாகி 2019-இல் குற்றமுமாயிற்று; குலா முறைப்படி விலகும் பெண்ணுக்குத் தனியார் ஷரியத் சபைகள் தரும் சான்று போதாது, குடும்ப நீதிமன்றத்தையே அணுக வேண்டும் என்று சென்னை ஹைகோர்ட்டு 2023-இல் கூறிற்று. கடல் கடந்து இலங்கையிலோ, 1907-ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் விபசாரம், வன்மமான கைவிடல், தீராத ஆண்மைக்குறை என்ற மூன்று காரணங்களையே வகுத்து, பரஸ்பர சம்மதத்திற்குக்கூட இடமளிக்காமல், அங்குள்ள தமிழரையும் அதனுள் நிறுத்திற்று.

தீராதிருப்பவை

விரும்பாத இருவரைச் சட்டம் சேர்த்து வைக்க முடியாது என்பது இன்று ஏறத்தாழ எல்லாத் தரப்பும் ஏற்கும் முடிவு. ஆகவே முறிவைக் காரணமாக ஏற்று, அந்த அதிகாரத்தைக் கீழ்க்கோர்ட்டுகளுக்கும் அளிப்பதே அதிக நியாயமுடையதாகத் தோன்றுகிறது. ஆனால் சொத்துப் பங்கீடு முடிவாகி, ஈட்டுத்தொகை கைக்கு வந்த பிறகே விடுதலைத் தீர்ப்பு எழுதப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அது நேர வேண்டும். அந்நிபந்தனையை எவ்வாறு நிறைவேற்றுவது என்பதில் ஐயங்கள் பல. பட்டா நிலமும் மாதச் சம்பளமும் உள்ள குடும்பத்துக்குப் பொருந்தும் பங்கீடு, குத்தகைச் சாகுபடியும் தினக்கூலியுமாக வாழும் குடும்பத்துக்கு எவ்விதம் பொருந்தும்? பங்கிட ஏதுமில்லாதபோது ஈட்டை அரசு ஏற்க வேண்டுமா? எதிர்க்கும் உரிமை மனைவிக்கு மட்டும் போதுமா, நோயுற்ற அல்லது வருமானமற்ற கணவனுக்கும் வேண்டுமா? மூன்றாண்டுப் பிரிவு போதுமா, உச்ச நீதிமன்றம் கூறிய ஆறாண்டு வேண்டுமா? 2013-இல் ராஜ்ய சபை இவற்றுள் சிலவற்றுக்கு மட்டும் விடை எழுதிற்று. அந்த மசோதா காலாவதியானபின் அவ்விடைகளும் சட்டமாகாமலே நிற்கின்றன.